நெளிவில் மட்டும் ஏறாத துரு

காலை ஏழு மணிக்கு மகன் ஷெட்டின் பூட்டைத் திறந்தான். திறந்த கையோடு அவன் போட்ட கூச்சலில், குரைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டு யோசித்தது.

முந்தின நாள் மாலை தேய்த்த பாத்திரம் போல் மின்னிய கார், இப்போது செங்கல் நிறத்தில் நின்றது. பானட், கூரை, கதவுகள், மட்கார்டு என்று ஓர் இடம் பாக்கியில்லை. மாதக்கணக்கில் சுரண்டி, பழைய பெயின்ட்டை எல்லாம் உரித்து, ஓட்டை விழுந்த இடங்களில் புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடித்து, வண்டியை வெறும் இரும்பாக்கி வைத்திருந்தார்கள். இன்றைக்குப் பிரைமர் அடிக்க வேண்டும். பிரைமர் என்பது இரும்புக்குப் போடும் உள்பனியன் மாதிரி. அதைப் போடுவதற்குள் வண்டிக்கு ஜன்னி கண்டுவிட்டது.

ஒரு பழைய கார் துருப்பிடித்ததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றால், வீட்டுக்குள் படுத்திருந்த பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார் அவருடையது. ஆஸ்பத்திரியில் அவரை, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சதைச் செஞ்சு கொடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அன்று கட்டிலைச் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்துவிட்டுப் பெரியவர் சொன்னார்:

"ஏன் எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறீங்க? அந்தக் காரை ரெடி பண்ணுங்க. ஒரு ரவுண்டு போயிட்டு நிம்மதியாக் கண்ணை மூடிக்கறேன்."

மகன் மறுநாளே வேலைக்கு லீவு போட்டான். தகர வேலைக்கு ஒரு டிங்கரைப் பிடித்தான். அப்பா இருக்கும்போதே கார் கிளம்ப வேண்டும். அவனுக்கு உலகத்தில் வேறு எந்தக் கவலையும் இல்லை.

தினமும் சாயங்காலம் பெரியவரைப் பார்க்க வருகிற போலீஸ் மாமா, அன்று காலை எட்டு மணிக்கே வந்தார்.

அவர் மகனுக்குத் தாய்மாமன். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பிடித்ததிலேயே பெரிய குற்றவாளி, ஸ்டேஷன் சைக்கிளையே திருடிக்கொண்டு போனவன். அவனும் டயர் பஞ்சராகித் தானே தள்ளிக்கொண்டு வந்து நின்றான். இருந்தாலும் குடும்பத்தில் கண்ணாடி தொலைந்தால்கூட மாமாவைத்தான் கூப்பிடுவார்கள்.

மாமா ஷெட்டுக்குள் நுழைந்தார். உடனே தும்மினார். கண் கரித்தது.

"கூரை ஒழுகுதா?"

"மழையே இல்லையே மாமா."

"ஜன்னல்?"

"பிரைமர் அடிக்கும்போது தூசி வரக்கூடாதுன்னு பிளாஸ்டிக் தாள் வெச்சு ஒட்டியாச்சு. காத்துக்கூட வராது."

"சாவி?"

"ஒண்ணுதான். என் தலையணைக்கு அடியில."

மாமா பூட்டைப் பார்த்தார். கீறல் இல்லை. தரையைப் பார்த்தார். ஈரம் இல்லை. தரைத் தூசியில் காலடிகளுக்கு நடுவே சக்கர நாற்காலியின் தடம் வாசலிலிருந்து காரின் இடது பக்கம் வரை போய்த் திரும்பியிருந்தது. தினமும் சாயங்காலம் பெரியவரை உள்ளே தள்ளிக்கொண்டு வந்து காட்டுவது வழக்கம். பூட்டுவதற்கு முன் மகன் குழாயடியில் கைகால் கழுவிவிட்டு வந்து, அப்பாவை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவான்.

பிறகு சுவரைப் பார்த்தார். ஆணிகளில் வரிசையாகத் தொங்கிய ஸ்பானர்களும் சுத்திகளும் ஒரே செம்மண் நிறம்.

அதன் கீழே டிங்கர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சுத்தி. குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல் அதன் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து ராத்திரி எங்க இருந்தே?"

"வீட்ல சார். பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கிட்டு இருந்தேன்."

"சாட்சி?"

"தெருவே சாட்சி சார்."

"வண்டி மேல உனக்கு ஏதாவது கோபம்?"

"வண்டியை விடுங்க சார். இந்தச் சுத்தியைப் பாருங்க. கண்ணாடி மாதிரி வெச்சிருந்தேன். இதுல ஒரு புள்ளி இருந்தா தகரத்துலயும் ஒரு புள்ளி விழும். எங்கப்பா காலத்துச் சுத்தி. இதைத் தூக்கிட்டுப் போகணும்னு நேத்து தோணாமப் போச்சே."

மாமா அவரை விட்டுவிட்டுக் காரைச் சுற்றி வந்தார். இடது முன்கதவில் நின்றார்.

அந்தக் கதவில் ஒரு நெளிவு உண்டு. கல்யாணமான புதிதில் பெரியவரின் மனைவி, அதாவது மாமாவின் அக்கா, கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது கேட் தூணில் கொண்டுபோய் இடித்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் பெரியவர் அதைக் காட்டி, "இது இவ போட்ட கையெழுத்து" என்பார். அக்காவுக்கு மானம் போகும். டிங்கரை ரகசியமாகக் கூப்பிட்டு அதைத் தட்டி எடுத்துவிடச் சொன்னாள். "தொட்டா கை இருக்காது" என்று பெரியவர் தடுத்துவிட்டார்.

வண்டி முழுக்கத் துரு. நெளிவில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, இரும்பு பளிச்சென்று இருந்தது.

மாமா விரலால் தொட்டார். வழுக்கியது. மோந்து பார்த்தார். வாசனை எதுவும் இல்லை. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

அக்கா சமையலறையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சக்களத்தி துருப்பிடிச்சா எனக்கென்னடா? இந்த வீட்ல வேற கேஸே இல்லையா? கத்தரிக்கோலைக் காணோம். நேத்து திறந்த வாசலின் டப்பால பாதியைக் காணோம். பாத்ரூம் கழுவற பாட்டிலைக் காணோம். உனக்குக் காபி போட எனக்கு நேரத்தைக் காணோம். இதெல்லாம் கண்டுபிடி, பார்ப்போம்."

"வாசலின் எதுக்குக்கா?"

"அவர் உதடு வெடிச்சுக் கிடக்கே. தடவத்தான்."

"காரை நீ ஒண்ணும் பண்ணலையே?"

"பண்றதா இருந்தா முப்பது வருஷத்துக்கு முன்னாடியே பண்ணியிருப்பேன். அப்பத் தெம்பு இருந்துச்சு."

மாமா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மறுபடி ஷெட்டுக்குப் போனார். முழங்காலைத் திட்டிக்கொண்டே குனிந்து, இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டார். பாத்ரூம் கழுவும் ஆசிட் பாட்டில் அகப்பட்டது. அதன் வாய் திறந்திருந்தது. மூடியைச் சுற்றுவட்டாரத்தில் காணோம்.

பாட்டிலை இறுக்கித் துணி சுற்றி வெளியே வைத்தார். கை கழுவினார். பெரியவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"என்ன மாப்ளே, கேஸ் பெருசா?" என்றார் பெரியவர். குரல் தலையணைக்கு உள்ளேயிருந்து வருவது போலிருந்தது.

"சின்னதுதான் மச்சான். பூட்டினதுக்கு அப்புறம் யார் உள்ள வந்தான்னு எல்லாரும் தலையைப் பிச்சுக்கறாங்க. யாருமே வரல. பூட்டறதுக்கு முன்னாடி ஆளை உங்க பிள்ளையே பத்திரமா வெளியே தள்ளிட்டு வந்துட்டான்."

பெரியவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

"உங்ககிட்ட ரெண்டு கதை உண்டு. ஒண்ணு, நெளிவுக் கதை. இன்னொண்ணு, முலாம் பூசற ஃபேக்டரில நீங்க புதுசா வேலைக்குச் சேர்ந்தப்ப ஜாடியை மூட மறந்த கதை. ஜாடின்னு நீங்க ஆரம்பிச்சாலே இந்த வீட்ல ஒவ்வொருத்தரா எழுந்து போயிடுவாங்க. கடைசி வரைக்கும் கேட்டவன் நான் ஒருத்தன்தான். எனக்குப் போக இடமில்ல."

"முடிவு ஞாபகம் இருக்கா?"

"ஜாடில இருந்தது ஆசிட். ராத்திரி பூராவும் அது மூச்சு விட்டிருக்கு. காலைல பார்த்தா பூட்டின ஃபேக்டரிக்குள்ள இருந்த இரும்பெல்லாம் சிவப்பு. யாரும் எதையும் தொடல. காத்துலயே துருப்பிடிச்சுது. இந்த விஷயம் டிங்கருக்குத் தெரிஞ்சிருக்கலாம். ஆனா அவன் பண்ணியிருந்தா முதல்ல சுத்தியை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பான். அக்காவுக்கும் உங்க பிள்ளைக்கும் கதையோட முடிவே தெரியாது. அப்புறம் பாட்டில். நின்னுக்கிட்டு இருக்கறவன் அதை அலமாரில வைப்பான். உட்கார்ந்துக்கிட்டு இருக்கறவன்தான், போர்வைக்குள்ள கொண்டுவந்து, கை எட்டின இடத்துல, சக்கரத்துக்குப் பின்னாடி வைப்பான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவையும் விட்டாலும் நெளிவு இருக்கே மச்சான். உங்க உதட்டுக்கு வெச்சிருந்ததை அதுக்குத் தடவிட்டீங்க. வண்டி நாசமாப் போகலாம், அது மட்டும் போகக்கூடாது. அக்காவா இருந்தா அதைத்தான் முதல்ல கெடுத்திருப்பா."

பெரியவர் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தார். உள்ளங்கையில் நீல நிற பிளாஸ்டிக் மூடி.

"நீ போலீஸ்ல உருப்படாம போனது அநியாயம்டா," என்றார்.

"ஏன் மச்சான் இப்படிப் பண்ணினீங்க?"

பெரியவர் மூடியை விரல்களுக்குள் உருட்டினார்.

"பயமா இருக்கு மாப்ளே."

மாமா நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு ஒரு ரவுண்டு போயிட்டுக் கண்ணை மூடிக்கறேன்னு, எல்லாரும் சிரிக்கட்டும்னுதான் சொன்னேன். ஒருத்தனும் சிரிக்கல. போய் உப்புத்தாள் வாங்கிட்டு வந்துட்டான். தினம் சாயங்காலம் வந்து, ‘அப்பா, பின்கதவு முடிஞ்சுது’ன்னு சந்தோஷமாச் சொல்றான். இன்னும் எத்தனை கதவு பாக்கின்னு எனக்கு உள்ளுக்குள்ள எண்ண வேண்டியிருக்கு. பிரைமர்னு சொன்ன அன்னிக்குத் தூக்கமே வரல."

"சொல்லிட வேண்டியதுதானே?"

"என்னன்னு சொல்லச் சொல்றே? எனக்குச் சாக இஷ்டமில்ல, நீ மெதுவா வேலை செய்னா? அவன் விரலைப் பார்த்தியா? ரேகையே தேஞ்சு போச்சு. அந்தக் கைகிட்ட எப்படிடா சொல்றது?"

மாமாவுக்குத் தெரிந்த சட்டப் பிரிவுகள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் இதற்கு ஒன்றும் இல்லை. மூடியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்தார். துப்பறிகிறவர்கள் செய்வது போலக் குறுக்கும் நெடுக்கும் இரண்டு நடை நடந்தார். தொண்டையைச் செருமினார்.

"குற்றவாளி யாருன்னு தெரிஞ்சு போச்சு. நான்தான்."

"என்னது?" என்றான் மகன்.

"நேத்து சாயங்காலம் வந்தேன்ல? ஷெட்ல எலி செத்த நாத்தம் அடிச்சுது. பாத்ரூம் பாட்டிலைக் கொண்டுபோய் ஊத்தினேன். மூட மறந்துட்டேன். அதோட புகைதான் எல்லாத்தையும் துருப்பிடிக்க வெச்சிருக்கு. இதோ மூடி."

அவருடைய சர்வீஸ் முழுவதிலும் அவர் சொன்ன எதையும் யாரும் இவ்வளவு சீக்கிரம் நம்பியதில்லை. "நினைச்சேன்," என்றாள் அக்கா. மகன் வாயைத் திறந்தான்; தாய்மாமன் என்பதால் மூடிக்கொண்டான். டிங்கர் மட்டும், "பாட்டில் சக்கரத்துக்குப் பின்னாடி இருந்துச்சே சார், நீங்க குனிஞ்சா நிமிர மாட்டீங்களே" என்று ஆரம்பித்து, மாமாவின் கண்ணைப் பார்த்ததும் சுத்தியைத் துடைக்கப் போய்விட்டார்.

"இன்னும் ரெண்டு ஆளைப் போட்டாவது முடிச்சுடறேன்," என்றான் மகன்.

"ஆளெல்லாம் எதுக்குடா? தப்பு பண்ணினவன் நான். உப்புத்தாளைக் கொடு."

அன்றிலிருந்து மாமா துரு தேய்த்தார். அவ்வளவு மோசமாக ஒரு மனிதன் தேய்க்க முடியும் என்று டிங்கருக்கு அதுவரை தெரியாது. தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தார். தேய்க்காத இடத்தில் சாய்ந்து தூங்கினார். வியர்வைக் கையை வைத்து முடிந்த கதவில் புதுத் துரு உண்டாக்கினார். மகன் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் திருப்பிச் செய்தான். சாயங்காலமானால் மாமா பெரியவர் அறைக்குப் போவார்.

"இன்னிக்கு ஒண்ணும் முடியல மச்சான்."

"நல்லது மாப்ளே."

இருவரும் சிரிப்பார்கள். பெரியவருக்குச் சிரித்தால் இருமல் வரும். பிறகு இருமல் மட்டும் வந்தது. பிறகு அதுவும் குறைந்தது. காரைத் தாமதப்படுத்தலாம் என்று மாமா கண்டுபிடித்திருந்தார். தாமதப்படுத்த முடிந்தது காரை மட்டும்தான்.

கூரையில் பாதி சிவப்பாக இருக்கும்போதே, ஒரு மத்தியானம், கஞ்சி ஆறுவதற்குள் பெரியவர் போய்விட்டார்.

எல்லாம் முடிந்த பிறகு மகன் மாமாவிடம் வந்தான். சத்தம் போடவில்லை.

"நீங்க அந்தப் பாட்டிலை மட்டும் மூடியிருந்தா அப்பா ஒரு ரவுண்டு போயிருப்பார் மாமா."

"ஆமாம்பா," என்றார் மாமா.

அதற்குப் பிறகு அவன் அவரை எந்தக் காரியத்துக்கும் கூப்பிடவில்லை. கண்ணாடி தொலைந்தால் புதுசு வாங்கிக்கொண்டான்.

கொஞ்ச நாள் கழித்து, மகன் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாமா அக்காவைப் பார்க்க வந்தார். வீட்டில் ஆள் இல்லை. ஷெட் திறந்திருந்தது. துரு கதவுகளிலும் ஏறி, அடித்தகரத்தில் வெல்டிங் வைத்த தையல்களைத் தின்ன ஆரம்பித்திருந்தது. இனி யார் தேய்த்தும் பயனில்லை. அக்கா இடது பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, வாசலின் டப்பாவிலிருந்து விரலில் எடுத்து, நெளிவில் தடவிக்கொண்டிருந்தாள். அங்கே மட்டும் இரும்பு பளிச்சென்று இருந்தது.

திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

"ஏண்டா, அந்த ஜாடிக் கதை. அவர் ஆரம்பிச்சாலே நான் அடுப்படிக்கு ஓடிடுவேன். அதுல கடைசில என்னதான் ஆச்சு?"

மாமா பின்பக்க மட்கார்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு பொய் சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தார். பொய்யெல்லாம் அந்தக் கூடத்திலேயே தீர்ந்துவிட்டிருந்தது. ஜாடியிலிருந்து ஆரம்பித்து, காலையில் சிவந்து கிடந்த இரும்பு வரை, பெரியவர் சொல்லும் அதே வார்த்தைகளில் சொல்லி முடித்தார்.

அக்காவின் விரல் நெளிவின் மேலேயே நின்றுவிட்டது. அவள் காரைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய ஸ்பானர்களைப் பார்த்தாள். தரைத் தூசியில் இன்னும் மங்கலாக மிச்சமிருந்த சக்கர நாற்காலித் தடத்தைப் பார்த்தாள்.

பிறகு டப்பாவை மூடினாள். திறந்து, மறுபடியும் இறுக்கி மூடினாள்.