டீவி கண்ணாடியில் ஒரு பொட்டு

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. சோறு சாப்பிடும்போதுகூட இரண்டு தடவை எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். "இந்தப் பிரசாந்தினி காலுல சக்கரம் கட்டியிருக்கு" என்று அம்மா சொல்வார். அப்படிப்பட்ட என்னைப் போய், மழை கொட்டும் ஒரு சனிக்கிழமை முழுவதும் காத்திருக்க வைத்தால் எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்கள்!

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக இருக்கும் எங்கள் லயத்துக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளை டீவி இருந்தது. கார் பெட்டரியில் ஓடும். பெட்டரி தீர்ந்துபோனால் லயத்தில் யாராவது ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, பதுளையில் ஒரு கடையில் கொடுத்து, ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். வாரம் ஒரு வீடு. டீவிதான் எங்களுடையது, பெட்டரி லயத்துக்கே சொந்தம்.

அந்த வாரம் பக்கத்து வீட்டுக் கருப்பம்மா அக்காவின் முறை. அக்கா கொழுந்து எடுப்பவர். நன்றாகப் பாடுவார். போன மாதம் டீவிக்காரர்கள் தோட்டத்துக்கு வந்தபோது, மலையில் பாடும் பாட்டு ஒன்றை அவரைப் பாடச் சொல்லிப் படம் பிடித்தார்கள். இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அதைப் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மலையில் வேலை வாங்கும் கங்காணி ஐயா இதை நம்பவே இல்லை. "ஒன்னையப் போய் டீவியில போடுவாங்களா? போ புள்ள, போய்க் கொழுந்தப் பாரு!" என்று எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டார்.

"சனிக்கிழம வந்து பாருங்கய்யா" என்று அக்காவும் சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. வெள்ளிக்கிழமை பெட்டரியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, பத்தரமாப் பாத்துக்க. எம் மானமே இதுலதான் இருக்கு."

"நான் பாத்துக்கிறேங்க்கா" என்று பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன்.

பார்த்தீபன் அண்ணன் மட்டும் வராமல் இருந்திருந்தால் எந்த வம்பும் இல்லை. அவர் என் பெரியப்பா மகன். கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளி லீவுக்கு வந்தவர் எங்களுக்கென்று ஒரு டீவி கேம் பெட்டியும் ஒரு கெசட்டும் கொண்டுவந்தார். முதலாளி மகன் புதுசு வாங்கிக்கொண்டு பழசைக் கொடுத்துவிட்டானாம்.

சனிக்கிழமை காலையில் அண்ணன் அந்தப் பெட்டியையும் எங்கள் பெட்டரியோடு இணைத்தார்.

"அண்ணே, பெட்டரி சாயங்காலத்துக்கு வேணும்" என்றேன்.

"கொஞ்ச நேரம் ஆடுனா ஒன்னும் ஆகாது. பெட்டரி எறங்குனா டீவியில படம் சுருங்கும்ல? அப்ப நிப்பாட்டிருங்க."

அது எங்களுக்கும் தெரியும். பெட்டரி களைத்துப்போனால் படம் நாலு பக்கமும் சுருங்கி, சுற்றிலும் கறுப்பாகிவிடும்.

கேம் வந்தது. அம்மாடி! அதில் ஆளே இல்லை. நடுவில் ஒரு துப்பாக்கி மட்டும்தான். ஆள் நாம்தான்! இருட்டான நடையில் நாமே நடப்பது போல இருக்கும். கதவைத் திறந்தால் கொம்பு வைத்த பூதம் ஒன்று நெருப்பைத் துப்பும். ஆனால் படம் டீவி முழுக்க வரவில்லை. சுற்றிலும் கறுப்புச் சட்டம் போட்டது போல இருந்தது.

"ஏன்ணே படம் இவ்வளவு சின்னதா இருக்கு?"

"இது பெரிய கம்ப்யூட்டர்ல ஓடுற கேம். அதப் புடிச்சு இந்தப் பழைய பெட்டிக்குள்ள அடச்சு வெச்சிருக்காங்க. முழுப் படமும் காட்ட இந்தப் பெட்டிக்குத் தெம்பு பத்தாது. இன்னொன்னு, நடுவுல நிப்பாட்டுனா போச்சு. திரும்ப மொதல்ல இருந்துதான்!"

சொல்லிவிட்டுப் பதுளை டவுனுக்குப் போய்விட்டார். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். மிச்சமிருந்தது நான், என் தம்பி சிந்துஜன், கருப்பம்மா அக்காவின் மகள் தர்மிளா.

ஒருவர் செத்தால் அடுத்தவர் ஆட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். முதலில் சிந்துஜன்.

"அக்கா, பொட்டு மறைக்குது! எனக்கு எத்தன உசுரு இருக்குன்னே தெரியல!"

எங்கள் அம்மாவுக்கு டீவிதான் முகம் பார்க்கும் கண்ணாடி. முகம் கழுவும்போது பொட்டை எடுத்து டீவி கண்ணாடியின் கீழ் மூலையில் ஒட்டிவிடுவார். கேமில் நம் உயிரைக் காட்டும் எண் சரியாக அந்தப் பொட்டுக்குப் பின்னால்தான் வந்தது.

"எடுத்துராதடா. அதுதான் கடைசிப் பொட்டு. சாயங்காலம் வெச்சுக்கணும்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்கு" என்றேன்.

சிந்துஜன் செத்தான். தர்மிளா ஆடினாள். அவள் சாகவே மாட்டேன் என்கிறாள்! நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், வாசலுக்குப் போனேன், மழையைப் பார்த்தேன், திரும்பி வந்தேன்.

"சீக்கிரம் சாவேண்டி!"

"ஏய், நீ குறுக்கயும் நெடுக்கயும் நடந்தா எனக்குத் தல சுத்துது!"

அவளுக்குப் பிறகு மறுபடியும் சிந்துஜன், மறுபடியும் தர்மிளா. நடுவில் நான் ஆடியது கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. பொறுமையில்லாமல் ஓடிப்போய்ப் பூதத்தின் மேலேயே முட்டிவிட்டேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மத்தியானம் தாண்டி மறுபடி என் முறை வந்தது. இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன். சுவரோரமாகப் போனேன். பூதம் துப்பியதும் ஒதுங்கினேன். நாங்கள் யாருமே பார்க்காத ஒரு பெரிய கதவு வந்தது.

"தொறடி! தொற!" என்று தர்மிளா குதித்தாள்.

"உசுரு நெறைய இருக்குக்கா! பயப்படாத!" என்று சிந்துஜன் கத்தினான்.

என் விரல் நின்றுவிட்டது. உயிர் எத்தனை என்று இவனுக்கு எப்படித் தெரிந்தது?

கீழ் மூலையைப் பார்த்தேன். எண் பளிச்சென்று தெரிந்தது. பொட்டு அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் எண் பொட்டை விட்டுத் தள்ளி உள்ளே போயிருந்தது. இரண்டுக்கும் நடுவில் கறுப்பு.

படம் சுருங்கியிருக்கிறது! கறுப்புச் சட்டம் கேமுடையது என்று நாங்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்திருக்கிறோம். பெட்டரி இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

அந்தக் கதவை ஒரே ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும் என்று கை துடித்தது. ஜொய்ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டு பெட்டரி வயரைப் பிடுங்கினேன்.

"அடிப்பாவி!" தர்மிளா அலறினாள். "எல்லாம் போச்சே! மொதல்ல இருந்து ஆடணுமே!"

"ஒங்க அம்மா பாட்டு!" என்றேன். "பெட்டரி எறங்கிருச்சுடி."

பொட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். தர்மிளாவின் முகம் வெளுத்துவிட்டது.

"இப்ப என்ன செய்யுறது?"

பதுளைக்குப் போய் சார்ஜ் ஏற்றக் காலமில்லை. எனக்கு எங்கள் டார்ச் லைட் ஞாபகம் வந்தது. அது மங்கிப்போனால் கொஞ்ச நேரம் அணைத்து வைப்போம். பிறகு போட்டால் கொஞ்சம் தேறி எரியும்.

"பெட்டரிக்கு ஓய்வு குடுக்கணும். யாரும் தொடக் கூடாது" என்றேன். டீவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேன் என்று சொல்லிவிட்டேன். என் கால்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்! எறும்பு ஊறுவது போல இருந்தது. மழை விட்டது, மறுபடி பிடித்தது. ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் போல இருந்தது. எழுந்தால் சிந்துஜன் வயரை மாட்டிவிடுவான். அவன் கை அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

வேலை முடிந்து அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். லயமே எங்கள் வீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தது. கங்காணி ஐயாவும் குடையை மடக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்ன, டீவி செத்துக் கெடக்கு? வேல செய்யுதான்னு ஒரு தடவ போட்டுப் பாரு."

"போட்டுப் பாத்தா வேல செய்யாதுங்க ஐயா."

"இதென்ன பேச்சு!"

"பெட்டரி களச்சுப் போயிருக்கு. நேரம் வந்தாத்தான் போடுவேன்" என்றேன். டவுனிலிருந்து திரும்பிய பார்த்தீபன் அண்ணன் எட்டிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் கேம் பெட்டியைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

கருப்பம்மா அக்கா நனைந்த தலையோடு ஓடிவந்தார். அம்மா டீவி கண்ணாடியில் இருந்த பொட்டை எடுத்து அவர் நெற்றியில் ஒட்டினார்.

"டீவியில வாரவ வெறும் நெத்தியோடவா இருக்கிறது?"

பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி முடிந்தது. "இப்பப் போடு!" என்றார் அண்ணன். வயரை மாட்டினேன். ஒன்றும் வரவில்லை. பிறகு மெல்ல வெளிச்சம் வந்தது. முதலில் சத்தம், பின்னாலேயே படம்.

மலை தெரிந்தது. எங்கள் மலை! கூடையோடு கருப்பம்மா அக்கா நின்று பாடினார். அக்கா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு பார்த்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

படம் ஓரங்களில் சுருங்கத் தொடங்கியது. எல்லாரும் முன்னால் நகர்ந்து வந்தார்கள். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று தர்மிளா முணுமுணுத்தாள். பாட்டு முடிந்தது. அக்காவின் பெயரைச் சொன்னார்கள். படம் உள்ளங்கை அளவாகி, நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டாகி அணைந்தது.

கங்காணி ஐயா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "புள்ள, மலையில பாடுறப்ப நான் சரியாக் கேக்கல போல. நாளைக்கு இன்னொரு தடவ பாடு."

எல்லாரும் கைதட்டினார்கள். கருப்பம்மா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். தர்மிளா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

"மத்தியானத்துல இருந்து இங்கயேவா இருந்த? நீயா?"

"அடுத்த வாரம் பெட்டரிய நான் கொண்டு போறேன்" என்று அம்மாவிடம் சொன்னார். "இந்தப் புள்ள அந்தக் கதவத் தொறக்கணும். உள்ள என்னதான் இருக்குன்னு நானும் பாக்கணும்."

சந்தோஷத்தில் துள்ளி எழப் பார்த்தேன். முடியவில்லை. இரண்டு காலும் மரத்துப்போய், தொப்பென்று அம்மாவின் மடியில் விழுந்தேன்.

"அம்மா, சக்கரம் கழண்டுருச்சு!" என்றேன்.