மூடி வைத்த தண்ணீர்

ஐந்து மீன்களும் வாசல் கதவைப் பார்த்தபடி நின்றன.

அஸர் தொழுதுவிட்டு முசல்லா விரிப்பை மடிக்கும்போதுதான் சுராயா அதைக் கவனித்தாள். பசித்தால் மேலே வந்து வாயைத் திறக்கும், பயந்தால் செடிக்குப் பின்னால் ஒளியும், மற்ற நேரமெல்லாம் ஆளுக்கொரு பக்கம் அலைகிற பொன்மீன்கள், இப்போது கண்ணாடியின் இடது ஓரத்தில் ஒன்றையொன்று உரசாமல், துடுப்பை மட்டும் லேசாக அசைத்துக்கொண்டு, விருந்தாளி வருவதாகச் சொன்ன வீட்டில் பிள்ளைகள் நிற்பதுபோல நின்றன. காற்றுக்குழாய் குமிழ் விடும் சத்தத்தைத் தவிர கூடத்தில் வேறு சத்தமில்லை. மறுபக்கம் போய்க் கண்ணாடியை விரலால் தட்டினாள். ஒன்றுகூடத் திரும்பவில்லை.

தண்ணீர் கெட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பதுதான் சுலபமாக இருந்தது. சோதனைக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டினாள். பச்சையானால் நஞ்சு, மஞ்சளாகவே இருந்தால் நல்லது. மஞ்சளாகவே இருந்தது. அம்மோனியா இல்லை, வாடை இல்லை, கலங்கலும் இல்லை. ஆனால் காலையில் விளிம்புவரை நிரப்பிய தண்ணீர் நாலு விரல் இறங்கியிருந்தது.

மீன் வாங்கிய கடையின் விஷாலுக்கு போன் செய்து, மஞ்சள் நிறத்தையும் தண்ணீர் இறங்கியதையும் சொன்னாள்.

"தண்ணி சூப்பரா கீதுக்கா. புதுத் தொட்டில இந்தக் கலர் வர்றதே பெரிய விஷயம். வெயிலுக்கு ஆவியாவும். மேல ஒரு கண்ணாடி போட்டு மூடு."

"ஒரே நாள்ல நாலு விரலா விஷால்?"

"பின்ன, மீனா குடிச்சிடும்?" என்று சிரித்தான். "வேற யாரு குடிக்கப் போறா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

கண்ணாடி மூடி போட்டாள். மறுநாளும் நாலு விரல் இறங்கியது. ஆவியாகியிருந்தால் மூடியின் அடிப்பக்கம் துளித்துளியாகப் பூத்திருக்க வேண்டும். அவள் தடவிப் பார்த்தாள். சுட்ட ஓட்டைத் தொட்டதுபோல மொரமொரவென்று காய்ந்திருந்தது.

செங்கல்பட்டில் செருப்புக்கடை வைத்திருக்கும் கணவன் அப்துல் மாலிக்கிடம் சொன்னபோது, அவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை உயர்த்தாமலேயே, "இன்னா சுராயா, மீனுக்கு டாக்டராவே ஆயிட்ட போல" என்றான். அவனிடம் முழுதையும் சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. குழம்பை எடுத்து ஊற்றினாள்.

அவள் சொல்லாமல் விட்டது மே மாதம், கத்திரி வெயிலில் நடந்தது. பக்கத்து நெம்மேலியில் கடலையே குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். படூரில் இவர்களுடைய அடுக்ககத்துக்கு லாரி வந்தால்தான் தண்ணீர். அந்த வாரம் லாரி வரவில்லை. குழாயைத் திறந்தால் காற்று மட்டும் இருமியது. சுராயாவின் பால்கனியில் மட்டும் இரண்டு பக்கெட் தண்ணீர், மேலே தட்டு போட்டு மூடி, இருந்தது. குளோரின் போவதற்காக, குழாய் நிற்பதற்கு முன்பே பிடித்து வைத்தது, மீன்களுக்கு மாற்றுவதற்கு. முதலில் வாங்கிய மீன்கள் மொத்தமும் செத்து, மகள் ஹனியா சாப்பிடாமல் அழுதிருந்தாள். இந்த ஐந்தையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்பது மட்டுமே அப்போது அவள் மனதில் இருந்தது.

ஒருநாள் மாலை, மக்ரிபு தொழுகைக்குச் சற்று முன் காலிங் பெல் அடித்தது. எதிர்வீட்டு நரசிம்மன். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி போனபின் தனியாக இருப்பவர். கையில் ஒரு எவர்சில்வர் சொம்பு.

"ஒரு சொம்பு தண்ணி இருந்தாக்கூடப் போதும்மா. ரெண்டு நாளா ஜுரம், கீழ இறங்க முடியல. கேன்காரன் போனையே எடுக்க மாட்றான்."

"எங்க வூட்லயும் சொட்டு இல்ல சார்."

அவள் முதுகுக்குப் பின்னால் தொட்டி குமிழ் விட்டது. அவர் கண் அவள் தோளைத் தாண்டிப் போனது. விளக்கு எரியும் கண்ணாடி, அதற்குள் தளும்பும் தண்ணீர், ஐந்து மீன்கள். அவர் உதடுகள் வெடித்து வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தன. அதை வைத்துக்கொண்டே சிரித்தார்.

"மீனுங்க அழகா இருக்கு. பாப்பா வளக்குதா?"

"ஆமா சார்."

"நல்லது. சரிம்மா, பரவால்ல."

திரும்பும்போது காலிச் சொம்பு கதவு நிலையில் இடித்தது. டங். கதவைச் சாத்தியதும் ஹனியா கேட்டாள்: "பால்கனில ரெண்டு பக்கெட் இருக்கேம்மா?" பெரியவர்கள் பேச்சில் தலையிடாதே என்று அதட்டினாள். யாராவது கொடுப்பார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சற்று நேரம் கழித்து ஒரு பக்கெட்டைத் தூக்கித் தொட்டியில் ஊற்றினாள்.

இரண்டு நாள் கழித்து லாரி வந்தது. எல்லா வீட்டுக் குழாயிலும் தண்ணீர் ஏறியது. நரசிம்மன் வீட்டுக் கதவின் கீழிருந்து மட்டும் அது வெளியே வழிந்து, வராந்தா முழுக்கப் பரவி, சுராயாவின் கால்மிதியை நனைத்தது. காவலாளி எல்லப்பன் கதவை உடைத்தார். சமையலறையில் திறந்தே கிடந்த குழாய்க்குக் கீழே, பாத்திரம் கழுவும் தொட்டியில் கன்னத்தைச் சாய்த்தபடி அவர் இருந்தார். திறந்த வாய்க்குள் தண்ணீர் விழுந்து வழிந்துகொண்டிருந்தது.

மகன் கேசவன் வந்தான். "யார்கிட்டயாச்சும் வாயத் தொறந்து கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. அப்பாக்கு எல்லாத்துக்கும் கூச்சம்" என்று அழுதான். கூடியிருந்த எல்லோரும் ஆமாம் என்று தலையசைத்தார்கள்.

சுராயாவும் அசைத்தாள்.

அதற்குப் பிறகுதான் தொட்டியில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. தொழுகைக்கு ஒளு செய்யும்போது, முகத்தைக் கழுவிவிட்டுக் காலுக்கு வருவதற்குள் முகம் காய்ந்துவிடும். மாடிப்படியும் வராந்தாவும் துடைக்கிற ரேணுகா ஒருநாள் மாப்பை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், பயப்படாத. நானும் தொடச்சிக்கினே கீறேன். எதிர்வூட்லேர்ந்து உங்க வூடு வரைக்கும் திட்டுத்திட்டா ஈரமே நிக்க மாட்டுது. இன்னா டைல்ஸு போட்டானோ."

சுராயா குனிந்து பார்த்தாள். ஈரத்தரையில் காய்ந்த திட்டுகள். நீளவாக்கில். இடது, வலது, இடது. அவள் வாசலில் வந்து நின்றிருந்தன.

அன்று மாலை ஹனியா மூடியை நகர்த்தி ஒரு டம்ளரைத் தொட்டியில் முக்கி எடுப்பதைப் பார்த்துவிட்டாள்.

"யாருக்கு?"

"எதிர்வீட்டுத் தாத்தாக்கு. தினமும் அவங்க கதவுகிட்ட வைப்பேன். காலையில காலியா இருக்கும்."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சுராயாவுக்கு நிம்மதியாக இருந்தது. இவ்வளவுதானா. பிள்ளை எடுத்திருக்கிறது, பூனை எதுவோ குடித்திருக்கிறது.

"தினமும் எத்தனை டம்ளர்டா?"

"ஒண்ணுதாம்மா."

நாலு விரல் என்பது ஒரு டம்ளர் அல்ல. ஒரு பக்கெட்.

தான் கொடுக்க மறுத்ததை ஏழு வயதுப் பிள்ளை கொடுத்துக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் அவள் நெஞ்சில் முள்ளாக இறங்கியது. இன்றே அவர் கதவுமுன் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், மாலிக் வந்ததும் சொல்லிவிட வேண்டும், கேசவனுக்கும் போன் செய்ய வேண்டும் என்று முடிவு செய்து, பால்கனிக்குப் போய் மூடி வைத்த இரண்டு பக்கெட்டுகளையும் கூடத்துக்குத் தூக்கி வந்தாள். மசூதியில் மக்ரிபு பாங்கு தொடங்கியது. அந்த நேரத்தில் மின்சாரம் போனது.

விளக்கு அணைந்தது. விசிறி சுற்றி ஓய்ந்தது. காற்றுக்குழாய் நின்றது. பல வாரங்களாக ஓயாமல் கேட்ட குமிழ்ச் சத்தம் அடங்கியபோது, அதற்கு அடியில் இத்தனை நாளும் இருந்த இன்னொரு சத்தம் வெளியே வந்தது.

மடக். மடக். மடக்.

ஜன்னலின் மங்கிய வெளிச்சத்தில் பார்த்தாள். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணெதிரே. மீன்கள் கதவைப் பார்த்தபடியே அதோடு சேர்ந்து இறங்கின. மூடியைத் தள்ளிவிட்டு ஒரு பக்கெட்டைத் தூக்கி ஊற்றினாள். இறங்கியது. இரண்டாவதைத் தூக்கும்போது தொட்டி விளிம்பில் இடித்துப் பாதி தரையில் கொட்டியது. மிச்சத்தை ஊற்றினாள். அதுவும் இறங்கியது. கூழாங்கல்மேல் மீன்கள் ஒருக்களித்து விழுந்தன. வாயைத் திறந்தன. மூடின. திறந்தன.

டங்.

கதவு நிலையில்.

"தாத்தா வந்துட்டாரு" என்றாள் ஹனியா. சுராயா நகர்வதற்குள் அவள் தாழ்ப்பாளை விலக்கியிருந்தாள். வெளியே யாரும் இல்லை. எதிர்க்கதவில் பூட்டு தொங்கியது. வெயிலில் வெந்த காற்று மட்டும் உள்ளே வந்தது. ஜுரக்காரர் மூச்சுபோல.

கூடமெங்கும் கொட்டிய தண்ணீர் மினுங்கியது. வாசலருகே அதில் ஓரிடம் காய்ந்தது. ஐந்து விரல், குதிகால். பிறகு இன்னொன்று. இடது. வலது. மெதுவாக, உடம்புக்கு முடியாதவர் நடப்பதுபோல.

அவை ஹனியாவின் முன் நின்றன. அவள் கையிலிருந்த டம்ளரை இரண்டு கையாலும் நீட்டினாள். "இந்தாங்க தாத்தா." தண்ணீர் ஒரு வாய் அளவு குறைந்தது. அதற்குமேல் குறையவில்லை. ஹனியாவின் நெற்றியில் விழுந்திருந்த முடி, யாரோ ஒதுக்கிவிட்டதுபோல, லேசாக விலகியது.

பிறகு கால்கள் திரும்பின.

"இருந்துச்சு சார்." சுராயாவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. "அன்னிக்கு… ரெண்டு பக்கெட் இருந்துச்சு. நான் பொய் சொன்னேன்."

இடது. வலது. அவள் பாதத்துக்கு முன்னால் தரை காய்ந்தது.

அவள் உதடு வெடித்தது. கண் நிறைந்தது. கன்னத்தில் இறங்கிய கண்ணீர் தாடைக்கு வரவில்லை. பாதி வழியில் காய்ந்தது. அடுத்தது இன்னும் மேலே.

மடக்.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காய்ந்து வெடித்த, தோல் உரிந்த ஏதோ ஒன்று, மிகுந்த பொறுமையோடு அவள் இமைமேல் பதிந்தது.