மூன்று தட்டு, பிறகு இரண்டு

புதன்கிழமை ஊசிக்கு அம்சவேணி பயப்படுவதும் இல்லை, அழுவதும் இல்லை. மகள் குணசுந்தரியின் தோளைப் பிடித்துக்கொண்டு மைசூர் மைன்ஸ் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்துவிடுவாள். கழுத்தில் இருப்பது புற்றுநோய் என்று பெங்களூரில் சொன்னபோதும் கல்லு மாதிரிதான் உட்கார்ந்திருந்தாள். அழவேண்டியதையெல்லாம், தங்கச் சுரங்கத்தில் பாறை வெடித்துக் கணவன் கோதண்டராமன் உள்ளேயே புதைந்த வருஷமே அழுது தீர்த்தாயிற்று. உடல்கூடக் கிடைக்கவில்லை.

மருந்தில் விரல்கள் மரத்துவிட்டன. சூடான டம்ளரைப் பிடித்தாலும் தெரியாது. ஜாக்கெட் கொக்கியை மகள்தான் மாட்டிவிட வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை நரம்பு. ஊசிக்கு ஒன்றாக நரம்புகள் கறுத்து, காய்ந்த கயிறாக விறைத்துப் போயின. மருந்து வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும்.

நர்ஸ் வின்னி சுடுதண்ணீர்த் துணியைக் கையில் சுற்றி, தடவித் தடவிப் பார்த்தாள்.

"இன்னிக்கும் நரம்பு கிடைக்கலேன்னா, டாக்டர் மருந்தை நிறுத்திடுவாரும்மா."

"அப்பிடி சொல்லாதீங்க சிஸ்டர்," கட்டிலில் உட்கார்ந்திருந்த குணசுந்தரி அழுதுவிட்டாள். "அம்மாவும் போயிட்டா எனக்கு ஆரு கீறாங்க?"

ஊசி உறைக்காத அம்சவேணிக்கு அது உறைத்தது. இவளுக்காகவாவது இருக்க வேண்டும்.

டாக்டரைக் கேட்க வின்னி வெளியே போனாள். மத்தியான வெயில் ஜன்னலில் இருக்கும்போதே வார்டு இருட்டியது. ஈரப் பாறையும் வெடிமருந்தும் கலந்த வாடை வந்தது. ஷிப்ட் முடிந்து வரும் கோதண்டராமனின் சட்டை வாடை.

முழங்கை மடிப்பில் ஒரு விரல் பட்டது.

தட். தட். தட்.

சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டு கேஜ்; அதற்கு மணி அடிக்கும் பெல்மேன் கோதண்டராமன். மூன்று அடித்தால், உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். மேலே இஞ்சின் ஓட்டுகிறவர் அதையே திருப்பி அடிக்க வேண்டும். பதில் வராமல் கேஜ் நகராது. வீட்டுத் தகரக் கதவையும் அவன் மூன்று தட்டுத்தான் தட்டுவான். அவளும் உள்ளிருந்து மூன்று தட்டிவிட்டே தாழ் திறப்பாள்.

பழக்கதோஷம். கட்டில் கம்பியில் அம்சவேணியின் விரல் மூன்று முறை தட்டிவிட்டது.

தோலுக்கடியில் நீலமாக ஒரு நரம்பு எழும்பியது.

"ஐயோ, இது இத்தினி நாளா எங்க இருந்திச்சு?" திரும்பி வந்த வின்னி சிரித்தபடி ஊசி போட்டாள். சொட்டுக்கூடக் கசியவில்லை.

'அவர் என்னைக் கைவிடவில்லை' என்று அம்சவேணிக்கு நெஞ்சு நிறைந்தது. வின்னி ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு போகும்வரை அந்த நிறைவு இருந்தது.

அப்புறம்தான் மிச்சம் ஞாபகம் வந்தது. மூன்றுக்குப் பதில் கிடைத்தால் அடுத்த மணி உண்டு. ஒன்று என்றால் ஏற்று.

தட். தட்.

இரண்டு என்றால் இறக்கு.

அம்சவேணி விரல்களை மடக்கி இறுக்கினாள். பதில் சொல்லாதே. சொல்லாவிட்டால் நகராது.

மறுபடியும் இரண்டு. இம்முறை கட்டில் கம்பியில்.

துணியை மடித்துக்கொண்டிருந்த குணசுந்தரி, சின்ன வயதில் அப்பாவோடு விளையாடியதுபோல, தலை நிமிராமலே கம்பியில் தட்டினாள்.

தட். தட்.

"இன்னாடி பண்ணே?"

"நீதானேம்மா தட்டினே?"

அடிவயிற்றிலிருந்து குளிர்ந்த காற்று மேலே ஏறியது. கேஜ் இறங்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று அவன் சொல்லியிருக்கிறான். எதிர்ச்சுவர் ஜன்னல் மெல்ல உயர்ந்தது.

மகளும் கட்டிலின் மேல்தான் இருக்கிறாள்.

"இறங்குடி!" அம்சவேணி இரண்டு கையாலும் அவளைத் தள்ளினாள்.

தரையில் விழுந்த குணசுந்தரி, "அம்மா! அம்மா!" என்று கத்தினாள். கீழே விழுந்தவளின் முகம் மேலே, இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது.

மரத்துப்போன விரல்களை யாரோ இறுகப் பற்றியது அம்சவேணிக்கு நன்றாகத் தெரிந்தது.