மிதி, பிடி

கியர்பாக்ஸ் மேசைமேல் கிடந்தது. இஞ்சின் சங்கிலியில் தொங்கியது. இரண்டும் காரைவிட்டுக் கழன்று வந்த பிறகும் கிளட்ச் பெடல் மட்டும் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது.

மெக்கானிக் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்பிரிங் போட்ட பெடல் அது. காலை எடுத்தால் தானாக மேலே வந்துவிட வேண்டும். கார்பெட் மடங்கிச் சிக்கியிருக்கும் என்று குனிந்து தடவிப் பார்த்தான். எதுவும் சிக்கவில்லை. விரல் கொடுத்துத் தூக்கினான். தூங்குகிற ஆளின் காலைத் தூக்குவதுபோல் கனத்துக்கொண்டு வந்தது. கையை எடுத்ததும், அவசரமே இல்லாமல் மறுபடி கீழே இறங்கியது.

ஸ்பிரிங் சோர்ந்துபோயிருக்கும் என்று புதிதாக ஒன்று மாட்டினான். அன்று பெடல் மேலேயே நின்றது. மறுநாள் ஷெட்டைத் திறந்தபோது பழையபடி தரையில் கிடந்தது.

அந்தக் காருக்கு அவனும் அவன் மனைவியும் வைத்திருந்த பெயர் மகாராணி. ஒரு டாக்டர் ஆசை ஆசையாக வாங்கி, வயதான பிறகும் விற்க மனமில்லாமல் வைத்திருந்த கார். படகு மாதிரி நீளம், மரம் இழைத்த டேஷ்போர்டு, உட்கார்ந்தால் உள்வாங்கிக்கொள்ளும் தோல் சீட். "இதுக்குப் பண்ற சேவகத்துல பாதி எனக்குப் பண்ணியிருந்தா நானும் மகாராணிதான்" என்பாள் மனைவி. அவன் அவளை முதலாளி என்று கூப்பிடுவான். கேலிக்குச் சொன்னாலும் அது பொய் இல்லை. ஷெட்டில் பாதி வேலை அவள் கையால்தான் நடந்தது.

குறிப்பாக, கிளட்சில் ஏர் எடுக்கிற வேலை, அதாவது ஆயில் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் காருக்கு அடியில் படுத்து, நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து, குழாயில் குமிழியோடு வரும் ஆயிலைப் பார்த்துவிட்டு மூட வேண்டும். மூடுவதற்கு முன்னால் மேலே இருப்பவர் காலை எடுத்துவிட்டால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். பட்ட பாடெல்லாம் வீண். அதனால் அவர்களுக்குள் மூன்றே சொல். மிதி. பிடி. விடு. கீழே இருப்பவர் விடு என்று சொல்லாமல் மேலே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. வீடே தீப்பிடித்து எரிந்தாலும் கூடாது என்பாள் அவள். கடைசி ரவுண்டில் இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். அவனுக்கு வெள்ளெழுத்து; பொடிக் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாது. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, "விடுங்க" என்றால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். ஒருமுறை கொசு கடித்தது என்று அவன் காலை எடுத்துவிட்டான். முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்ய வைத்துவிட்டு, அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள்.

போன மழைக்காலத்தில் இதே மகாராணிக்கு ஏர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் கீழே, அவள் மேலே. குழாயில் ஆயில் தேன்போலச் சுத்தமாக வந்தது. "வந்துடுச்சு முதலாளி!" என்று கத்தியபடியே நிப்பிளை மூடிவிட்டு உருண்டு வெளியே வந்தான். அவள் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்திருந்தாள். களைத்துப்போய்க் கண்ணை மூடியிருக்கிறாள் என்று நினைத்தான். தொட்டான். உடம்பு சூடாகத்தான் இருந்தது. மூச்சுதான் இல்லை. இடது கால் மட்டும் பெடலைத் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தது. அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கம்பக்கத்தார் வந்துதான் அந்தக் காலை எடுத்தார்கள்.

அவன் விடு என்று சொல்லவே இல்லை.

டாக்டரும் அதே வருடம் போய்விட்டார். ஷெட்டிலேயே நின்றுவிட்ட காரைப் பற்றி அவருடைய மகள் போன் செய்தாள். "அப்பா ஞாபகமா நானே ஓட்டணும்னு ஆசை. இஞ்சின், கியர்பாக்ஸ் ரெண்டையும் முழுசா பிரிச்சுப் பண்ணிடுங்க." அவன் சரி என்றான். வேறு ஷெட்டுக்கு அனுப்ப மனம் வரவில்லை. மனைவி கடைசியாக உட்கார்ந்த இடம் அந்த சீட். அதில் வேறு ஒருத்தன் கிரீஸ் கையோடு உட்காருவதை அவனால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. வேலை முடிந்தால் வண்டி போய்விடும் என்பதை மட்டும் நினைக்காமல் இருந்தான்.

வேலையை இழுத்தான். பிஸ்டன்களைக் கழற்றி, ரிங்குகளை மாற்றி, வால்வுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து உட்கார வைத்தான். கியர்பாக்ஸைத் திறந்து, பல் தேய்ந்த சக்கரங்களை எடுத்துவிட்டு, பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் பரப்பினான். வெளியே விடாமல் மழை. தகரக் கூரையில் அது விழுந்துகொண்டே இருக்க, அந்த இரைச்சலுக்கு நடுவே, ஈரமும் எரிந்த ஆயிலும் கலந்த வாசனைக்கு நடுவே, சில நேரம் காருக்குள்ளிருந்து தோல் சீட் முனகும் சத்தம் கேட்கும். வெகுநேரம் ஒரே பக்கமாக உட்கார்ந்த ஒருவர் இடுப்பை மாற்றி வைப்பதுபோல். அவன் கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைப்பான். திரும்பிப் பார்க்கமாட்டான்.

பயமாக இருந்தது. அதைவிட, அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

அடுத்த தெருவில் இருந்த அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"இன்னும் எவ்ளோ நாளைக்குடா இந்தக் காரைக் கட்டிக்கிட்டு அழப்போற? கண்ணாடியில மூஞ்சியப் பாத்தியா?"

"முடிஞ்சிடும்க்கா. ஏத்தி மாட்டினா முடிஞ்சது."

"முடிஞ்சா குடுத்துடுவியா?"

அவன் தூக்கைத் திறந்து, மறுபடி மூடினான்.

அக்காவின் குரல் இறங்கியது. "அவ போயிட்டாடா தம்பி. எனக்கு மட்டும் மனசு அடிச்சுக்கலையா? கூடப் பொறந்தவ மாதிரி இருந்தா. ஆனா போயிட்டா. விடு."

காருக்குள் கிறீச் என்று ஒரு சத்தம். திறந்திருந்த கதவு வழியே பார்த்தான். பெடல் கொஞ்சம் மேலே வந்திருந்தது. வந்து, தயங்கி, சொன்னது வேறு குரல் என்று புரிந்துகொண்டதுபோல் மெல்ல மறுபடி இறங்கியது.

"எலி இருக்கு போல. வயரக் கடிச்சிடப் போகுது" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு அவன் அந்தச் சொல்லைப் பேசுவதையே நிறுத்திவிட்டான். டாக்டரின் மகள் போனில், "லேட்டானா பரவால்ல, விடுங்க" என்று சொல்ல ஆரம்பித்தபோது, போனைப் பதறிப்போய்க் கையால் பொத்தினான்.

ஆனாலும் எந்த வேலையும் ஒருநாள் முடியத்தானே வேண்டும்? கியர்பாக்ஸையும் இஞ்சினையும் ஏற்றி மாட்டிச் சாவியைத் திருப்பினான். பிசிறில்லாமல் ஓடியது மகாராணி. இத்தனை அழகாக ஓடவைத்ததற்குப் பெருமைப்படவேண்டிய அவன், அதை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதான். இனி ஏர் எடுப்பது ஒன்றுதான் பாக்கி. நாளைக்கு வண்டியை எடுத்துப்போக வருகிறார்கள்.

"நான் வேணா வந்து மிதிக்கிறேன்டா" என்று அக்கா சொல்லியிருந்தாள். வேண்டாம் என்றிருந்தான்.

சாயங்காலமே மழை இருட்டு கட்டிவிட்டது. கரண்டும் போனது. கைவிளக்கை மார்பில் வைத்துக்கொண்டு, சக்கரப் பலகையில் மல்லாந்து காருக்கு அடியில் தன்னைத் தள்ளிக்கொண்டான். மிதி என்று சொல்லவேண்டிய அவசியம் இல்லை. மேலே ஏற்கெனவே மிதித்துத்தான் இருந்தது. நிப்பிளைத் திறந்தான். ஆயில் வந்தது, குமிழியோடு. மூடினான்.

இப்போது சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை. சொன்னால் காலை எடுத்துவிடுவாள். எடுத்தால் போய்விடுவாள். ஒரு வருடம் முழுக்க அவள் பிடித்துக்கொண்டிருந்தது தன் ஒரு சொல்லுக்காக. அதைச் சொல்லாமல் இருந்தாலே போதும், இங்கேயே இருப்பாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். எவ்வளவு சுயநலம் என்று தெரிந்தே கடித்துக்கொண்டான்.

மேலே பெடல் நடுங்க ஆரம்பித்தது. கிடுகிடுவென்று. வலுவிழந்த காலின் நடுக்கம். அதோடு மூச்சு. இழுத்து, இழுத்து.

"கால் மரத்துப்போச்சுங்க."

அவள் குரல்தான். அலுப்பு இருந்தது. கோபம் இல்லை.

அவனால் தாங்க முடியவில்லை.

"விடு முதலாளி" என்றான். "விடும்மா. போதும். விடு."

பெடல் மேலே எழுந்தது. முழுசாக. டொக் என்று நின்றது. மேலே ஒரு நீண்ட பெருமூச்சு. அவன் கண்ணை மூடி அழுதான். போய்விட்டாள். நிம்மதியாகப் போய்விட்டாள்.

சீட் முனகியது.

கார்க் கதவு இன்னும் அகலமாகத் திறந்தது. சிமெண்டுத் தரையில் ஒரு கால் இறங்கியது. பிறகு இன்னொன்றும் வெளியே வந்தது. விளக்கு வெளிச்சத்தில் குதிகால்கள் தெரிந்தன. சாம்பல் நிறம். இடது கால் உடனே ஊன்றவில்லை. தரைக்கு மேல் தொங்கியபடி இருந்தது. உள்ளங்காலில், பெடல் ரப்பரின் வரிகள் எலும்புவரை பதிந்திருந்தன.

முட்டிகள் மடங்கின. முதலில் கூந்தல் இறங்கித் தரையைத் தொட்டது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"தள்ளுங்க" என்றாள், காதோரம். "கடைசி ரவுண்டு. நான் பாக்கறேன். நீங்க ஏறுங்க."

எப்படி வெளியே வந்தான், எப்படி ஏறினான் என்று தெரியவில்லை. சீட்டில் ஈரம். குளிர். காருக்கு அடியில் சக்கரப் பலகை உருண்டு உள்ளே போகும் சத்தம்.

"மிதிங்க."

மிதித்தான்.

"பிடிங்க."

பிடித்தான்.

மழை நின்றது. கூரை சொட்டியது. அதுவும் நின்றது. தொடை இறுகி, கெண்டைக்கால் எரிந்து, பாதம் மரத்துப்போனது. கீழே ஸ்பேனர் சத்தம்கூட இல்லை. ஒரே ஒரு சொல். அதற்காகக் காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தான்.

வாசலில் டார்ச் வெளிச்சம். அக்கா. "இருட்டுல என்னடா பண்ற? கூப்புடக் கூப்புடப் பேசாம குத்துக்கல் மாதிரி உக்காந்திருக்க?" பக்கத்தில் வந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, காருக்கு அடியில் என்னவோ அசைந்திருக்க வேண்டும், டார்ச்சைத் தாழ்த்திக் குனிந்தாள்.

குனிந்தவள் நிமிரவில்லை. டார்ச் கையிலிருந்து நழுவி உருண்டு சுவரில் முட்டி நின்றது. அவள் வாய் திறந்திருந்தது.

"கொஞ்சம் பொறுக்கா" என்றான் அவன், காலை எடுக்காமல். "அவ இன்னும் சொல்லல."