எட்டாவது நிழல்

அவள் வைத்தது ஏழு மூங்கில். படுக்கையறைச் சுவரில் விழுந்ததோ எட்டு நிழல்.

தையல் தொழில் செய்கிறவள், எண்ணிக்கையில் ஏமாற மாட்டாள். மறுபடி எண்ணினாள். எட்டுதான்.

பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் மதில்மேல் மாட்டிய ஃபிளட் லைட், திரைச்சீலையையும் கண்ணாடியில் ஒட்டிய தாளையும் சட்டை செய்யாமல் மூன்று மாதமாக இந்த அறைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. நான்கு வயது மகனுக்குத் தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். இந்த மாதமே இரண்டு முறை வந்துவிட்டது. அதனால்தான் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தொட்டிகளை நெருக்கி வைத்தாள். வெளிச்சம் குறைந்ததே தவிர நின்றபாடில்லை.

இன்று மாலை மதிலோரம் நின்று அவரிடம் அழுதேவிட்டாள்.

"அந்த லைட்டு எனக்காகப் போடலம்மா. வெளிச்சம் இருந்தாதான் அது தள்ளி நிக்கும்," என்றார் அவர்.

"எது?"

அவர் மூங்கிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, புள்ளைக்காகப் பத்து மணிக்கு அணையுற மாதிரி டைமர் வச்சிடறேன். நான் பொண்ணு வீட்டுக்குக் கிளம்பறேன்."

நல்லா கதை விடறார் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது பத்தாக ஐந்து நிமிடம். மகன் அசந்து தூங்கினான். தொட்டி மண்ணின் ஈர வாசனை ஜன்னல் இடுக்கு வழியே வந்தது, காற்றே இல்லாமல் இலைகள் ஒன்றோடொன்று உரசின, ஏழு நிழல்களும் அசையாமல் நிற்க எட்டாவது மட்டும் மெல்லக் குனிந்து கட்டிலை எட்டிப் பார்த்தது.

அது ஒளிந்து நிற்க இடம் கட்டிக் கொடுத்தவள் அவளேதான்.

வெளியே ஓடினாள். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. மூங்கிலை விலக்கினால் வெளிச்சமாவது முழுதாக விழும். முதல் தொட்டியைத் தள்ளினாள். உடைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. நகம் பிய்ந்தது. ஐந்து. ஆறு. ஏழு.

யாரும் இல்லை. ஜன்னல் முழுக்க வெளிச்சம். அவளுக்கு உயிர் வந்தது.

விளக்கு அணைந்தது.

கும்மிருட்டு. மண் அப்பிய கைகளோடு அப்படியே நின்றாள். அறைக்குள்ளிருந்து மகனின் தூக்கக் குரல் கேட்டது.

"அம்மா, உன் கை ஏன் இவ்ளோ சில்லுனு இருக்கு?"