பதினேழு ஈக்கள்

ஜாடியில் செத்து மிதந்த பழ ஈக்கள் எல்லாம் அவள் பக்கமே பார்த்துக் கிடந்தன. மூன்று வாரமாக ஆல்கஹாலில் ஊறியவை; மல்லாந்தும் குப்புறவும் கலைந்து கிடக்க வேண்டியவை. அவள் ஜாடியைத் திருப்பி வைத்தாள்.

விடுமுறை நாளின் மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் கிடத்தியிருக்க, ஈக்களுக்கு வைக்கும் ஈஸ்ட் கூழின் புளித்த வாடையும் குளிர்பெட்டியின் விடாத முனகலும் ஆளில்லாத ஆய்வகத்தை நிறைத்திருந்தன.

கண்ணை உண்டாக்கச் சொல்லும் மரபணு ஒன்று உண்டு. ஈ இன்னும் புழுவாக இருக்கும்போதே, கால் உருவாகும் இடத்தில் அதைத் தூண்டிவிட்டால் அங்கேயும் கண் முளைக்கும். எல்லா ஈயிலும் முளைக்காது; அதனால்தான் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். மூன்று வாரம் முன்பு, இருநூறில் நாற்பதை எண்ணியதும் அவளுக்குக் கழுத்து விட்டுப்போனது. ஒன்றின் காலிலும் கண் இல்லை. மீதியைப் பார்க்காமலே ஜாடியில் கொட்டிவிட்டு, 'காலில் கண்: பதினேழு' என்று எழுதினாள். அந்தப் பதினேழை நம்பித்தான், அவள் அக்கா என்று கூப்பிடும் ஆய்வு மாணவி, நாளை ஆய்வேட்டைக் கொடுக்கப்போகிறாள்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஒரே ஒரு படம் போதும்டி. பதினேழுல நல்லா முழிக்கிறதா பார்த்து எடு."

"தேடுறேன்க்கா."

"உன் கணக்குன்னதும் புரொபசர் மறுபேச்சு பேசலை. அந்தப் பொண்ணு எண்ணுனா ஈயே எழுந்து 'உள்ளேன் ஐயா' சொல்லும்னாரு."

அக்கா சிரித்தாள். இவளுக்குக் காது மடல்வரை எரிந்தது. சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்து நின்றது. பிரஷ் நுனியால் ஓர் ஈயை எடுத்து மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தாள்.

காலில் கண். சிவப்பாக. முழுசாக.

அடுத்தது. காலில் இரண்டு.

அடுத்தது. இறக்கையில். வயிற்றில்.

ஜாடியைப் பார்த்தாள். எல்லாம் மறுபடியும் அவள் பக்கம் திரும்பியிருந்தன.

"என்னடி, கிடைச்சுதா?"

"கிடைச்சிருச்சுக்கா."

"அப்பாடா! என் வயித்துல பால வார்த்த."

போன் அடங்கியது. நிம்மதியாக இருந்தது. நிம்மதிப்படுகிறோமே என்று கூசியது.

விரல் அரித்தது. பிரஷ் பிடித்த விரல். நகத்துக்குச் சற்றுக் கீழே. மனிதக் கண்ணையும் ஏறக்குறைய அதே மரபணுதான் உண்டாக்குகிறது. அவளுக்குத் தெரியும்.

விரலைப் பார்க்கவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

மூடிய பிறகும் தெரிந்தது. கீழிருந்து. மிக அருகில். நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்களில், கண்களை மூடிக்கொண்டு நிற்கும் அவள் முகம்.