லேண்டாபீசில் சொன்ன பெயர்

ராக்காயி வைத்த கோப்பியைப் பத்துமலை தொடவில்லை. நேற்றும் தொடவில்லை, முந்தாநாளும் தொடவில்லை. இன்றைக்கு ஒரு படி மேலே போய், கோப்பையை எடுத்து மாட்டுத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வண்டியைப் பூட்டப் போனான்.

"ஏங்க... எம்மேல கோவம்னா என்னைய ரெண்டு அடி அடிங்க. வெறும் வயித்தோட வண்டி ஓட்டப் போறீங்களே!"

அவன் திரும்பவில்லை. மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த தன் தாயைப் பார்த்துத்தான் பேசினான்.

"அம்மா, அவள எங்கிட்ட பேச வேணாம்னு சொல்லு."

செல்லாயி வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள். மாமியாரின் அந்த மௌனம்தான் ராக்காயியின் நெஞ்சை அறுத்தது. புருசனுக்குத் தெரியாது, கோபப்படுகிறான். இவளுக்கு எல்லாம் தெரியுமே!

அப்படி ராக்காயி செய்த குற்றம்தான் என்ன? ஒரு குற்றமும் இல்லை. ஈப்போ டவுனையே புரட்டிப் போடுகிற சர்க்காரின் புதுத் திட்டத்தில் அவள் குடும்பமும் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

கிந்தா ஆற்றுக்கு இந்தப் பக்கம் நேர்ரோடு போட வேண்டுமாம், பெரிய பசார் கட்ட வேண்டுமாம். குறுக்கே இருந்ததெல்லாம் இவர்கள் மாட்டுக் கொட்டகையும், வண்டிப் பட்டறையும், ஹுசைன் பாயின் கோப்பிக் கடையும். சர்க்கார் காசு கொடுத்து வாங்கவில்லை. 'துக்கார்' என்றார்கள், மாற்றிக்கொள்வதாம். சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு சீன முதலாளிக்கு, தவுக்கே என்பார்கள், ரப்பர்த் தோட்டம் இருந்தது. ரப்பர் விலை விழுந்ததிலிருந்து தோட்டம் மூடிக் கிடந்தது. அதைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு, டவுனில் புது ரோட்டோர நிலத்தைக் கடைவரிசை கட்டத் தவுக்கேயிடம் கொடுக்கும். டவுனில் இடம் இழந்தவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் துண்டு துண்டாக நிலம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து காகிதத்தை மாற்றிக்கொண்டார்கள். இந்தப் பக்கம் நிற்பவர்களை யார் கேட்டது?

நிலம் அளக்க வந்தவர்கள் சிவப்புத் தலை வைத்த முளைகளைக் கொட்டகை நடுவிலேயே அறைந்துவிட்டுப் போயிருந்தார்கள். வேறு வழியில்லாமல் காராம்பசுவை அதிலேதான் கட்டியிருந்தாள் ராக்காயி. இரண்டு பக்கத்து வீடும் இடித்தாகிவிட்டது. கறக்கிற பாலில் சுண்ணாம்புத் தூசி விழுந்தது.

போகிற இடம்தான் என்ன புது இடமா? அந்தத் தோட்டத்து லயத்தில்தான் ராக்காயி பிறந்தாள். பத்து வயதில் ரப்பர்ப் பால் இறக்கக் கித்தா மரம் வெட்டப் போனவள், கல்யாணம் ஆகித்தான் அந்த இருட்டை விட்டு வெளியே வந்தாள். பதினாலு வருசம் கழித்து அதே மரங்களுக்கடியில் போய்க் குடியிருக்க வேண்டும். போக மாட்டேன் என்றால் அதுவும் கிடையாது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமைதான் இடி விழுந்தது.

லேண்டாபீஸ் முற்றத்தில் நிலக்காரர்கள் பட்டியலைச் சத்தமாகப் படித்தார்கள். தெருவே கூடி நின்றது. ஒவ்வொரு பெயராக வந்து, "ராக்காயி, பழனிமலை பெஞ்சாதி" என்று கேட்டதும் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பத்துமலையின் முகம் செத்துப்போனது.

ஏனென்றால் பழனி என்று ஒருவன் இருந்தான். இவர்கள் வீட்டில் தங்கி வண்டி ஓட்டியவன், வாய் நிறையச் சிரிப்பவன். தஞ்சோங் மாலிமுக்குப் போகிறேன் என்று போனவன் திரும்பவே இல்லை. எல்லாரும் அவனை மறந்திருந்தார்கள். பத்துமலையின் சித்தப்பா மகன் சன்னாசி மறக்கவில்லை.

"அண்ணே, நான் ஒன்னும் சொல்லல லா... ஆனா சர்க்கார் காயிதத்துல சும்மா ஒரு பேரு ஏறுமா? யோசிச்சுப் பாருண்ணே" என்று வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்தான். ஒன்றும் சொல்லாதவன் சொன்னது அவ்வளவு!

வீட்டுக்கு வந்ததும் ராக்காயி புருசன் காலைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். பதினோரு வருசத்துக்கு முந்தி, அவன் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இந்த நிலம் வேறு கைக்குப் போகப் பார்த்தது. தன் காதில் கிடந்த தண்டட்டியைக் கழற்றி விற்று அவள்தான் வாங்கினாள். 'உம் பேருலயே எழுதிக்க புள்ள' என்று படுக்கையில் கிடந்தபடி அவனே சொன்னான். அன்றைக்கு லேண்டாபீசில் பத்திரம் எழுதும் கிராணி புருசன் பெயரைக் கேட்டார். கட்டிய புருசன் பெயரை எந்தப் பெண் வாயால் சொல்வாள்? பத்துமலையும் முருகன் குடியிருக்கிற மலைதானே, அதைக் குறிப்பாகச் சொன்னாள்.

"சாமி, முருகன் மலமேல நிக்கிற எடமுங்க, அதாங்க அவுக பேருன்னு சொன்னேங்க. அவரு ஏதோ எழுதிக்கிட்டு, சரி போன்னாரு. எனக்குப் படிக்கத் தெரியுமாங்க? கட்டவெரல் உருட்டிட்டு வந்துட்டேன்."

"முருகன் நிக்கிற மலைன்னதும் கிராணி பழனின்னு எழுதிக்கிட்டாராக்கும்! நல்லாருக்கு கத. அம்மா, நீதான கூடப் போன? உள்ளதா?"

செல்லாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்... நான் வாசல்ல நின்னேன்ப்பா. உள்ள என்னா நடந்துச்சோ, யாரு கண்டா?"

பொய் என்று சொல்ல முடியாது. அவள் வாசலில்தான் நின்றாள். ஆனால் அந்த வாசலில் மருமகளை நிறுத்தி, தாலியைத் தொடச் சொல்லி, 'எம்புள்ள உசுருக்குப் போராடிட்டுக் கெடக்கான், அவன் பேர ஒரு நாளும் உன் வாயால சொல்ல மாட்டேன்னு மாரியாத்தா மேல சத்தியம் பண்ணு' என்று பண்ண வைத்தவள் யார்? அதைச் சொல்லவில்லை. அந்தத் திங்கட்கிழமை முதல் பத்துமலை வாயில் ராக்காயி 'அவள்' ஆகிப்போனாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பால் வாங்க வந்த ஹுசைன் பாய் வெளியே நின்றே விசயத்தைச் சொன்னார்.

"தங்கச்சி, லேண்டாபீஸ்ல விசாரிச்சேன். நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிதான் கெடு. பேரு தப்பா இருந்தா நிலத்துக்குச் சொந்தக்காரி நேரா வந்து, துவான் தொரை முன்னால தன் வாயால புருசன் பேரச் சொல்லணுமாம். வேற ஆளு சொன்னா செல்லாதாம்."

"சொல்லலன்னா, பாய்?"

"இந்த நிலத்துக்கு ஆளில்லன்னு எழுதிருவாங்க. இதுவும் போயிரும், அங்கயும் கெடைக்காது. நாளைக்கு நானும் எம் வீட்டுக்காரி சாலிஹாவும் போறோம். நம்ம வண்டியிலயே வந்துரு."

ராக்காயி உள்ளே போய் மாமியார் முன்னால் உட்கார்ந்தாள்.

"அத்தே... அன்னிக்கு நீங்க வாங்குன சத்தியத்த அவுககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. அவுக மனசு மாறிட்டாப் போதும்."

"சொன்னா நீ நாளைக்குப் போயி அவன் பேரச் சொல்லிப்புடுவ" என்றாள் செல்லாயி. "மூனு புள்ளையத் தோட்டத்துல பொதைச்சவடி நான். மிச்சம் இவன் ஒருத்தன். நீ சத்தியம் பண்ணின மறுநாளுதான் காய்ச்சல் விட்டுச்சு. மறந்துட்டியா? நெலம் போனாப் போவுது. எம்புள்ள எனக்கு வேணும்."

"நெலம் போனாப் போவட்டும். எம் மானம் போனா? கண்ணால பாக்காத பாவத்த எந் தலையில கட்டுறாங்களே அத்தே! உங்களுக்குத் தெரியுமே... நீங்களும் ஒரு பொம்பள தானே!"

செல்லாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

ராக்காயிக்கு அழக்கூடத் தோன்றவில்லை. பெயரைச் சொன்னால் ஆத்தா மேல் வைத்த சத்தியம் போகும், அவனுக்கு என்ன ஆகுமோ! சொல்லாவிட்டால் நாலு மாடும் மூன்று உயிரும் நடுத்தெருவில் நிற்கும், அவள் காலமெல்லாம் பழனி பெஞ்சாதிதான். ஓடிப்போகலாம் என்றால் தாய்வீடு ஏது? அப்பனும் ஆத்தாளும் தோட்டத்து மண்ணுக்குள் இருந்தார்கள். கொட்டகை முளையில் கட்டிக் கிடந்த பசு அவளைப் பார்த்தது. 'நீ கயித்துல இருக்க, நான் கயிறில்லாமயே கட்டிக் கெடக்கேன்' என்று அதனிடம் சொல்லிவிட்டுச் சாணி அள்ளப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு நெற்றி நிறையத் திருநீறு பூசினாள். புருசன் விடியுமுன்பே வண்டியோடு போய்விட்டான். "அத்தே, வாரேன்" என்றாள். செல்லாயி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

லேண்டாபீசில் கூட்டம் நெரிந்தது. உயரத்தில் வெள்ளைக்காரத் துவான் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கீழே யாழ்ப்பாணத்துக் கார்த்திகேசு கிராணி மூக்குக்கண்ணாடியோடு பட்டியலைப் புரட்டினார். ஹுசைன் பாயின் வேலை முடிந்தது. ராக்காயியின் முறை வரும்போது சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

"ராக்காயி எண்டது நீர்தானே? புருசன்ட பேர் பழனிமலை எண்டு கிடக்கு. சரியோ?"

"இல்லைங்க சாமி."

"அப்ப சரியான பேரைச் சொல்லும்."

வாய் திறந்தது. கை தாலிக்குப் போனது.

"அம்மா, எனக்கு நேரமில்லை. பேர் என்ன?"

"அவுக... அவுக பேருங்க..."

"இஞ்ச பாரும். மூண்டாந்தரம் கேக்கிறன். மணி அடிச்சால் நான் புத்தகத்தை மூடிப்போடுவன். பிறகு நீர் அழுதும் பிரயோசனமில்லை."

ராக்காயி கண்ணை மூடினாள். ஆத்தா! நீ கேக்குற ஆயுச அவுககிட்டேருந்து எடுக்காத, எங்கிட்டேருந்து எடுத்துக்க. சத்தியத்த ஒடைக்கிறவ நான். எனக்கு எத்தன வருசம் எழுதியிருக்கியோ அத்தனையும் எடுத்துக்க. அவுக நல்லா இருக்கட்டும்!

"பத்துமலை" என்றாள்.

"கேக்கேல்லை. பலமாச் சொல்லும்!"

"பத்துமலை!"

பதினாலு வருசமாகத் தொண்டைக்குள் அடைந்து கிடந்த பெயர். கட்டடமே அதிர்ந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

"இந்தா... இங்கதான் இருக்கேன்!" என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

எல்லாரும் திரும்பினார்கள். பத்துமலை நின்றிருந்தான். வண்டிச் சாட்டை இன்னும் கையில் இருந்தது. மனைவி வாயிலிருந்து தன் பெயரை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டவன், தன்னையறியாமலே பதில் சொல்லிவிட்டு விழித்தான். அவன் பின்னாலேயே மூச்சிரைக்கச் செல்லாயி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"எல்லாம் என்னாலதான் சாமி! நாந்தான் அன்னிக்கு இந்த வாசல்ல வச்சு இவகிட்ட சத்தியம் வாங்கினேன். தாலியத் தொட்டுப் பண்ணுனா, மகராசி. நாலு நாளா எம் மவன் இவகிட்ட பேசாமலே இவளக் கொன்னான், நான் பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு 'வாரேன்'னு எங்கிட்டயே சொல்லிட்டுப் போனாளே... அதுக்கு மேல என்னால முடியல. வண்டிப் பட்டறைக்கு ஓடி எல்லாத்தையும் அவங்கிட்ட கொட்டிட்டேன்!"

கார்த்திகேசு கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தப் புருசன் பேர்க் கரைச்சல் எனக்குப் புதுசில்லை. போன கிழமை ஒருத்தியின்ட புருசன்ட பேர் 'சூரியன்' எண்டு கிடந்தது. விசாரிச்சால் ஆதித்தனாம். அவ கையால வானத்தைக் காட்டியிருக்கிறா!" என்று சொல்லிவிட்டு, பழனியை அடித்துப் பத்துமலை என்று எழுதினார். "விரலை வையும் அம்மா. சிம்பாங் பூலாயில ரெண்டு ஏக்கர். இனி ஆரும் உம்மை ஒண்டும் கேக்கேலாது."

வேடிக்கை பார்க்க வந்து கூட்டத்தில் நின்ற சன்னாசியைக் காணவில்லை. எப்போது நழுவினானோ!

ராக்காயி விரலை உருட்டினாள். கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. படியிறங்கும்போது செல்லாயி அவள் காலைத் தொடக் குனிந்தாள். ராக்காயி பதறிப்போய்த் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். மாமியாரும் மருமகளும் அந்தப் படியிலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள்.

"ஏன்டி சொன்ன... எம்புள்ளைக்கு ஒன்னும் ஆவாதே?"

"ஆவாது அத்தே. நான் ஆத்தாகிட்டப் பேசிட்டேன்." என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. கடைசிவரை யாரிடமும் சொல்லவுமில்லை.

பத்துமலை எதிரே வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

"ஏ புள்ள... புத்தி கெட்டுப் போயிட்டேன். வா, வண்டியில ஏறு, வீட்டுக்குப் போலாம்."

ராக்காயி ஏறவில்லை.

"நாலு நாளா உங்க வாயில நான் 'அவ'. அதுக்கு முன்னால பதினாலு வருசமா 'ஏ புள்ள'. உங்களுக்காக ஆத்தா மேல வச்ச சத்தியத்தையே ஒடைச்சுட்டு, ஊரு கேக்க உங்க பேரச் சொல்லிட்டு வாரேன். எனக்கும் ஒரு பேரு இருக்குங்க. சொல்லுங்க."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். வண்டிக்காரர்கள், ஹுசைன் பாய், சாலிஹா, திங்கட்கிழமை சிரித்த அதே ஆட்கள் எல்லாரும் நின்றார்கள்.

"ராக்காயி" என்றான் தரையைப் பார்த்து.

"கேக்கல. பலமாச் சொல்லுங்க."

"ராக்காயி!" என்று வண்டி மாடு காதை விடைக்கும்படி கத்தினான். "எம் பொண்டாட்டி ராக்காயி!"

யாரும் சிரிக்கவில்லை. ராக்காயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறி, மாமியாருக்கும் இடம் விட்டு உட்கார்ந்தாள். வருகிற திங்கட்கிழமைக்குள் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். அந்தக் கித்தா மரங்கள் அங்கேதான் நிற்கும், பத்து வயதில் அவள் வெட்டிய தழும்புகளோடு. ஆனால் இந்த முறை அவை அவள் மரங்கள்.

"மொதல்ல வீட்டுக்குப் போயி கோப்பி போடுறேன்" என்றாள். "குடிப்பீங்கதானே?"

பத்துமலை தலையை ஆட்டிவிட்டு, மாட்டை ஓட்டினான்.